தோற்றவன் வீட்டுத் துட்டி

1

சென்ற சனிக்கிழமை எங்கள் ஊர்க் கால்பந்துக் கம்பெனி தன் சொந்த மைதானத்தில் இந்த வருஷத்தின் கடைசி ஆட்டத்தை ஆடி முடித்து, முதல் வகுப்பிலிருந்து இரண்டாம் வகுப்புக்கு இறங்கியது. எங்கள் ஊர் என்று கை தானாக எழுதிவிட்டது. அதை அடித்துத் திருத்தப் போவதில்லை, காகிதம் கெட்டுப்போகும். இது இங்கிலாந்தின் வடக்கே பஞ்சாலைகள் நிறைந்த ஓர் ஊர். பெயர் வேண்டாம், தபால்காரருக்குத் தெரிந்தால் போதும்.

நம் சபைப் பத்திரிகையின் ஆசிரியர் ஐயா, இங்கிலாந்து தேசத்து ஜனங்களின் ஒழுக்கங்களைப் பற்றி எழுதும்படி மூன்று கடிதம் போட்டுவிட்டார். ஒழுக்கத்தைப் பற்றி எழுத வேறு ஆளைப் பார்க்கட்டும். எனக்கு ஒன்பது வருஷமாக ஒருவன் மேல் தீராத பகை. அவன் மண்ணைக் கவ்வியதை நான் கண்ணாலே கண்டேன். அதைத்தான் எழுதுகிறேன். அச்சில் ஏற்றினால் ஏற்றட்டும், இல்லையென்றால் வெந்நீர் அடுப்பில் போடட்டும்.

என்னை மறந்தவர்களுக்காக: நான் பாளையங்கோட்டை யோவான் வாத்தியாரின் மூத்த மகன் வேதமாணிக்கம். தூத்துக்குடியில் பஞ்சுத் தரம் பார்க்கும் குமாஸ்தாவாக இருந்தேன். ஒரு பிடி பஞ்சை எடுத்து இரண்டு கைப் பெருவிரல்களால் இழுத்துப் பார்த்து, இழை எவ்வளவு நீளம், எவ்வளவு வலு என்று சொல்லுகிற வேலை. பத்து வருஷத்துக்கு முன் ஒரு துரை என் விரலை நம்பி இங்கே கூட்டிவந்தார். அதே வேலைதான் இங்கும். எப்போதாவது நம் பக்கத்துப் பஞ்சுப் பொதி வந்து அவிழ்த்தால் கரிசல் தூசி பறக்கும். அன்றைக்கு மட்டும் நான் தும்மினால் எனக்குக் கோபம் வராது.

2

இங்கே கால்பந்து ஆடுவது ஓர் உத்தியோகம். நம் பள்ளிக்கூடத்துப் பையன்கள் மணி அடித்ததும் உதைத்து விளையாடுகிறார்களே, அந்தக் கதையில்லை. சம்பளம் வாங்கிக்கொண்டு ஆடுகிறார்கள். முதல் வகுப்பில் இருபது ஊர்க் கம்பெனிகள். செப்டம்பரில் தொடங்கி ஏப்ரல் வரை ஒவ்வொருவரும் மற்ற எல்லாரோடும் மோதவேண்டும். கடைசியில் வரும் இரண்டு பேரை இரண்டாம் வகுப்புக்குத் தள்ளிவிடுவார்கள். பரீட்சையில் தோற்ற பிள்ளையைக் கீழ் வகுப்பில் உட்கார வைத்தது போலத்தான். அந்த அவமானத்துக்கு ஊரே தலையில் துணியைப் போட்டுக்கொள்ளும்.

நான் ஒன்பது வருஷமாக அந்த மைதானத்தில் நடந்த ஓர் ஆட்டத்தையும் விட்டதில்லை. மழை, பனி, காய்ச்சல் எதுவும் என்னைத் தடுத்ததில்லை. ஆற்றோரத்துக் கோல் கம்பத்தின் அருகே ஒரே இடத்தில் நிற்பேன். மற்றவர்கள் கத்துவார்கள், பாடுவார்கள். நான் இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள் இறுக்கிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, இந்தக் கம்பெனி தோற்கவேண்டும் என்று மட்டும் வேண்டிக்கொண்டு நிற்பேன். கிறிஸ்தவன் அப்படி வேண்டலாமா என்று உபதேசியார் கேட்பார். வேண்டினேன். பைக்குள் விரல் நகம் உள்ளங்கையில் பதியும் அளவுக்கு வேண்டினேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பார்க்கிறவர்கள் அதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டார்கள். என் பக்கத்தில் நிற்கும் கிழ நெசவாளி ஒருவர், "உம்மைப் போல நெஞ்சு முழுக்கக் கம்பெனியைச் சுமக்கிறவன் இந்த ஊரில் பிறந்தவர்களிலேயே கிடையாது" என்று சொல்லித் தோளில் தட்டுவார். கம்பெனி ஜெயித்தால் நான் மூன்று நாள் சரியாகச் சாப்பிடமாட்டேன். அதையும் அவர் சந்தோஷத்தின் மிகுதி என்று நினைத்திருக்கிறார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. என் சொந்த மகளே அப்படித்தான் நினைத்தாள். கிருபை ஐந்து வயதில் இங்கே வந்தவள், இப்போது பதினைந்து. தறிக்கூடத்தில் வேலை. கட்டை அடித்த செருப்பைப் போட்டுக்கொண்டு டக் டக்கென்று நடக்கிறாள். பேசுகிற இங்கிலீஷ் எனக்கே பாதி புரிவதில்லை. நானோ பைபிள் படித்துக் கற்ற இங்கிலீஷ் பேசுகிறவன். கடைக்காரனிடம் "எனக்கு உருளைக்கிழங்கை அருள்வீராக" என்கிற தோரணையில் கேட்டு நிற்பேன், அவள் வந்து இரண்டே வார்த்தையில் வாங்கிக்கொடுப்பாள். கம்பெனியின் நீல ரிப்பனைத் தொப்பியில் குத்திக்கொண்டு அவளும் மைதானத்துக்கு வருவாள். தமிழ் குறைந்துகொண்டே வருகிறது. ஆனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் இதை மட்டும் சுத்தமாகக் கேட்பாள்.

"இன்னைக்கு நாம ஜெயிச்சிருவோமாப்பா?"

நாம் என்று அவள் சொல்லும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

3

பகைமை எங்கள் குடும்பத்துக்குப் புதிதல்ல. என் அப்பா யோவான் வாத்தியாருக்குத் தங்கையா என்று ஒரு பங்காளி. சீவலப்பேரியில் இருவருக்கும் அடுத்தடுத்து வயல். நடுவில் ஒரு மடை. அந்த மடையை யார் திறப்பது என்று பதினோரு வருஷம் பாளையங்கோட்டைக் கோர்ட்டில் வழக்காடினார்கள். அப்பா ஜெயித்தார்.

தீர்ப்பு வந்த மறுநாள் காலையில் அப்பா குளித்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைத் துண்டு. நெற்றியைச் சுருக்கி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார். என்னையும் தம்பி தாசனையும் கூட்டிக்கொண்டு தங்கையா வீட்டுக்கு நடந்தார்.

நம் பக்கத்து வழக்கம் வாசகர்களுக்குத் தெரியும். சாவு விழுந்த வீட்டுக்குத் துட்டி கேட்கப் போவோம். யாரும் அழைக்கவேண்டியதில்லை. பகையாளி வீடானாலும் போகவேண்டும். போய் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருக்கவேண்டும். அங்கே கை நனைக்கக்கூடாது, தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது. எழுந்து வரும்போது "போயிட்டு வாரேன்" என்று சொல்லக்கூடாது, சொல்லாமல் கிளம்பிவிடவேண்டும். ஆனால் தங்கையா வீட்டில் யாரும் சாகவில்லை. வழக்குத்தான் செத்தது.

வாசலில் நின்று தங்கையா கேட்டார். "என்ன வே வாத்தியார், எங்கன வந்தீரு?"

"துட்டி கேக்க வந்தேன்" என்றார் அப்பா.

சொல்லிவிட்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்தார். வெயில் ஏறும்வரை எழுந்திருக்கவில்லை. தெருவில் போகிறவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். முதலில் சிரித்தார்கள், பிறகு அவரவர் வீட்டு ஆட்களையும் கூட்டிக்கொண்டு வந்து பார்த்தார்கள். தங்கையாவால் விரட்டவும் முடியாது. துட்டிக்கு வந்தவனை விரட்டினான் என்ற பெயர் ஏழு தலைமுறைக்கு நிற்கும். அப்பா பைய எழுந்து, ஒரு வார்த்தை சொல்லாமல் நடந்தார். ஆற்றுப் பாலத்துக்கு வந்த பிறகுதான் சிரித்தார். சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. தாமிரபரணியில் இறங்கித் தண்ணீர் குடித்த பிறகே அடங்கியது.

அடித்தால் ஒரு நாளில் வலி போகும், திட்டினால் திருப்பித் திட்டலாம், இதற்கு மட்டும் மருந்தே கிடையாது என்று அன்றைக்கு நினைத்தேன்.

4

இனி என் கதை. பாளையங்கோட்டைப் பள்ளிக்கூடத்தில் நான் கால்பந்து ஆடியதை இன்னும் ஞாபகம் வைத்திருப்பவர்கள் இருப்பார்கள். வெறுங்காலால்தான் ஆடுவேன். இடது காலில் அடித்தால் பந்து சொன்ன இடத்தில் போய் நிற்கும். இதில் எனக்கு அடக்கம் கிடையாது.

இங்கே வந்த முதல் வருஷம், பண்டகசாலை ஆட்களோடு புல்வெளியில் ஆடிக்கொண்டிருந்தபோது ஒருவன் நின்று பார்த்தான். கடிகாரச் சங்கிலி தொங்கும் கோட்டு, சிவந்த மீசை. கால்பந்துக் கம்பெனியின் காரியதரிசி. பெயர் பிக்கரிங். யார் ஆடுவது, யாரை எடுப்பது எல்லாம் அவன் கையில். "ஏப்ரல் மாதம் கடைசி ஆட்டத்தன்று மைதானத்துக்கு வா, உன்னைப் பார்க்கிறோம்" என்றான்.

அன்று இரவே நான் அப்பாவுக்குக் கடிதம் எழுதினேன். கம்பெனியில் என்னை எடுத்துவிட்டார்கள் என்று எழுதினேன். பார்க்கிறோம் என்றுதான் அவன் சொன்னான். எடுத்துவிட்டார்கள் என்பது என் கை செய்த வேலை. எடுக்கத்தான் போகிறார்கள், கடிதம் போய்ச் சேர மூன்று வாரம் ஆகும், அதற்குள் நிஜமாகிவிடும் என்று ஒரு கணக்கு.

ஏப்ரல் வந்தது. மைதானத்துக்குப் போனேன். வாசலிலேயே நோட்டீஸ் ஒட்டியிருந்தது. தலைப்பாகை கட்டிய கறுப்பு ஆள் ஒருவன் பல்லைக் காட்டிக்கொண்டு பந்தை உதைக்கிற படம். "இந்திய ராஜகுமாரன்! இடைவேளையில் வெறுங்கால் வித்தை!" உள்ளே பிக்கரிங் ஒரு பட்டுத் துணியையும் கண்ணாடி மணிமாலையையும் நீட்டினான். சும்மா வேடிக்கைதான், முதலில் இது, பிறகு பேசுவோம் என்றான். நான் கட்டிக்கொண்டேன். ஏன் கட்டிக்கொண்டேன் என்று ஒன்பது வருஷமாக என்னையே கேட்கிறேன். ஊருக்குக் கடிதம் போய்விட்டதே, அதனால்தான்.

ஐந்து பெனால்டி அடிக்கச் சொன்னார்கள். அதாவது, கோல் காப்பவன் ஒருவனை மட்டும் நிறுத்தி நேருக்கு நேராக அடிப்பது. ஆற்றோரத்துக் கம்பம். தரை ஐஸ் மாதிரி. கால் மரத்துப்போய் விரல் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. ஐந்தும் உள்ளே போயின. ஒவ்வொன்று போகும்போதும் ஜனம் சிரித்தது. ஐந்தாவதில் தலைப்பாகை அவிழ்ந்து கண்ணை மறைத்தது, அப்போது ரொம்பவே சிரித்தது.

"கடிதம் எழுதுகிறோம்" என்றான் பிக்கரிங். எழுதவில்லை. நான் எழுதினேன், நாலு தடவை. நாலு தடவையும் ஒரே அச்சடித்த சீட்டு வந்தது. தங்கள் விண்ணப்பம் கமிட்டியின் பார்வையில் உள்ளது. இந்த தேசத்தில் எதையும் இல்லை என்று சொல்லமாட்டார்கள், பார்வையில் வைத்துக் கொன்றுவிடுவார்கள்.

5

இதோடு நின்றிருந்தால் நான் மறந்திருப்பேன். பஞ்சுத் தூசியைத் தட்டிவிடுவதுபோலத் தட்டிவிட்டு வேலையைப் பார்த்திருப்பேன்.

அப்பா எனக்குத் தெரியாமல் கம்பெனிக்கு அச்செழுத்து போல இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். என் மகன் எந்த இடத்தில் நின்று ஆடுகிறான், குளிருக்குக் காலுறை போடுகிறானா, அவனுக்காக இங்கே சபையில் ஜெபிக்கிறோம் என்று. பிக்கரிங் அதற்குப் பதில் போட்டான். எனக்கு நாலு தடவை அச்சுச் சீட்டு அனுப்பியவன், அப்பாவுக்குத் தன் கையால் எழுதினான்.

சீமை முத்திரையோடு கடிதம் வந்ததும் அப்பா பிரிக்கவில்லை. அச்செழுத்து இங்கிலீஷ்தான் அவருக்கு ஓடும், கையெழுத்து இங்கிலீஷ் ஓடாது. அறுப்பின் பண்டிகை ஆராதனை முடிந்து, எல்லாரும் அசன விருந்துக்குப் பந்தியில் உட்கார்ந்த சமயம், புதிதாக வந்திருந்த வாலிப மிஷன் துரையிடம் கடிதத்தைக் கொடுத்து, சபையார் கேட்க வாசிக்கச் சொல்லியிருக்கிறார். துரை உறையைக் கிழித்தார். முதலில் நோட்டீஸ் விழுந்தது. பல்லைக் காட்டுகிற படம். பிறகு கடிதம். துரை வாசித்து, அப்படியே தமிழிலும் சொன்னார். "உங்கள் மகன் எங்கள் கம்பெனியின் ஆட்டக்காரர் அல்ல. இடைவேளையில் ராஜகுமாரன் வேஷம் போட்டு எங்கள் ஜனங்களை நன்றாகச் சிரிக்கவைத்தார். ஞாபகத்துக்காக ஒரு நோட்டீஸ் வைத்திருக்கிறேன்." சொல்லும்போதே துரைக்குச் சிரிப்பு வந்துவிட்டதாம். துரை சிரித்தால் பந்தி சிரிக்காதா?

தம்பி தாசன் இதையெல்லாம் எழுதியிருந்தான். மறுநாள் நடந்ததையும் எழுதியிருந்தான். விடிந்ததும் தங்கையா வந்தாராம். வெள்ளை வேட்டி, வெள்ளைத் துண்டு, கூட நாலு பேர்.

"என்ன வே தங்கையா?" என்று அப்பா கேட்டாராம்.

"துட்டி கேக்க வந்தேன், வாத்தியார். ராசகுமாரனைப் பெத்த வீடுல்லா."

வெயில் ஏறும்வரை உட்கார்ந்திருந்தார்களாம். போகும்போது ஒன்றும் சொல்லவில்லையாம். "அப்பா அதுக்குப் பொறவு யார்ட்டயும் பேச்சு இல்லை, அண்ணே. நம்ம கோயிலுக்கும் போறதில்லை. ஞாயித்துக்கிழமை ஆத்தைக் கடந்து எங்கனயோ நடந்து போறாரு. நீ அவருக்கு ஒண்ணும் எழுதாத. படிக்கமாட்டாரு" என்று முடித்திருந்தான். கடிதத்தையும் நோட்டீஸையும் அதே உறையில் எனக்கு அனுப்பியிருந்தான்.

மூன்றாம் வருஷம் அப்பா இறந்துபோனார். செய்தி வந்தபோது அடக்கம் முடிந்து மூன்று வாரம். நானும் என் மனைவி யேசுவடியாளும் வெள்ளை கட்டிக்கொண்டு, கதவைத் திறந்து வைத்து, அதைப் பார்த்தபடி உட்கார்ந்தோம். துட்டி கேட்க யாராவது வரவேண்டுமே. இந்த ஊரில் அந்த வழக்கமில்லை. கறுப்புக் கரை போட்ட அனுதாப அட்டை இரண்டு, கதவிலுள்ள தபால் ஓட்டை வழியாக விழுந்தன. கதவு திறந்திருக்கிறது, அப்படியும் ஓட்டை வழியாகத்தான் போட்டார்கள். சாயங்காலம் யேசுவடியாள் சொன்னாள், "அடைச்சிருங்க, குளிருது. யாரும் வரமாட்டாவ."

கதவை அடைக்கும்போதுதான் முடிவு செய்தேன். பொய் எழுதியது என் பாவம், பாதியை நான் சுமக்கிறேன். மீதிப் பாதிக்காக அந்தப் பிக்கரிங் வீட்டில் ஒருநாள் நான் துட்டிக்கு உட்காருவேன். அவன் உயிரோடிருக்கும்போதே.

6

இந்த வருஷம் நல்ல வருஷம். எனக்கு என்று சொல்கிறேன். கம்பெனி செப்டம்பரிலேயே தோற்க ஆரம்பித்தது. கிறிஸ்துமஸில் கடைசி இடம். கடைசி ஆட்டத்துக்கு வரும்போது ஒரே ஒரு வழிதான் மிச்சம். ஜெயித்தால் முதல் வகுப்பில் தங்கலாம். சமன் செய்தாலும் தோற்றாலும் கீழே.

சனிக்கிழமை காலை பெட்டியைத் திறந்து வெள்ளை வேட்டியை எடுத்துக் கட்டினேன். யேசுவடியாள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"இந்தக் குளிர்ல வேட்டியா கட்டுதீய? யாரு செத்தா?"

"இன்னும் சாகலை. சாயங்காலம் சாவும்."

அவளுக்குப் புரிந்துவிட்டது. "எத்தனை வருசமாச்சு. விட்டுத் தொலையுங்களேன். அந்த ஆளுக்கு உங்க மூஞ்சியாவது ஞாபகம் இருக்குமா?" என்றாள். நான் வேட்டிக்கு மேலே கணுக்கால்வரை வரும் நீளக் கோட்டைப் போட்டுப் பொத்தானை மாட்டினேன். உள் பையில் அந்தப் பழைய உறை.

மைதானத்தில் கூட்டம் நெரிந்தது, சத்தம் மட்டும் இல்லை. முதல் பாதியில் கம்பெனி ஒரு கோல் போட்டது. கிருபை என் கையைப் பிடித்துக் குதித்தாள். இரண்டாம் பாதியில் மழை. தரை உழுத வயலாயிற்று. எதிராளி ஒன்று போட்டான். ஒன்றுக்கு ஒன்று. நேரம் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்துக் கிழவர் தொப்பியைக் கழற்றிக் கடித்துக்கொண்டிருந்தார்.

முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது கம்பெனிக்குப் பெனால்டி கிடைத்தது. ஆற்றோரத்துக் கம்பம். நான் அடித்த அதே கம்பம். கேப்டன் பந்தைச் சேற்றில் வைத்துத் துடைத்தான். அவன் நின்ற விதத்தைப் பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது, உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து நிற்கிறான், பந்து மேலே போகும். அப்படி நிற்காதே என்று எனக்குள் ஒருவன் சொன்னான். அவன் யார் என்று தெரியவில்லை. கேப்டன் ஓடி வந்தான். அவன் அடித்த அதே கணம் பூட்சுக்குள் என் இடது கால் தானாக உதைத்தது, முன்னால் நின்றவர் திரும்பி முறைத்தார்.

பந்து கம்பத்துக்கு மேலே ஏறி, சுவரைத் தாண்டி, ஆற்றுப் பக்கம் போய்விட்டது.

நான் சிரித்தேன். ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக அந்த மைதானத்தில் சிரித்தேன். பாலத்தில் நின்று அப்பா சிரித்தாரே, அந்தச் சிரிப்பு. முகத்தைக் கோட்டுக் காலருக்குள் புதைத்துக்கொண்டேன். தோள் குலுங்கியது. கிழவர் என் முதுகைத் தடவி, "அழும், அழுதுவிடும்" என்றார். அவரும் அழுதார். கிருபையும் அழுதாள்.

7

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்றாகவே முடிந்து கூட்டம் கலைந்த பிறகு கிருபையை வாசலில் நிற்கச் சொன்னேன்.

"எங்க போறீயப்பா?"

"பிக்கரிங் துரைட்ட துட்டி கேக்கப் போறேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள். அதில் அவளுக்கு ஆச்சரியமே இல்லை.

காரியதரிசி அறை, ஜனங்கள் உட்கார்ந்து பார்க்கும் பெஞ்சு வரிசைக்கு அடியில், ஆட்டக்காரர்கள் தேய்க்கும் தைல நாற்றத்தோடு இருந்தது. கமிட்டிக்காரர்கள் எல்லாரும் போய்விட்டிருந்தார்கள். பிக்கரிங் தனியாக மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். மீசை நரைத்துவிட்டது. நான் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். வெள்ளை வேட்டி, வெள்ளைத் துண்டு. சுவரோரத்து பெஞ்சில் உட்கார்ந்தேன்.

"ஆட்டம் முடிந்துவிட்டதே, ஐயா" என்றான்.

"தெரியும். அதற்காகத்தான் வந்தேன்."

பிறகு பேசவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன். அவன் துடிக்கவேண்டும். இவன் எதற்கு இப்படி வந்து உட்கார்ந்திருக்கிறான் என்று நெளியவேண்டும். தங்கையா நெளிந்த மாதிரி.

அவன் நெளியவில்லை. என்னை உற்றுப் பார்த்தான். "ஆற்றுப் பக்கக் கம்பத்தடியில் நிற்பவர்தானே நீங்கள்? நான் இந்த ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். எந்த மழையிலும் இருப்பீர்கள். இன்று எனக்கு ஆறுதல் சொல்ல ஒரு கமிட்டிக்காரன்கூட நிற்கவில்லை. திங்கட்கிழமை என்னை நீக்கப் போகிறார்கள். நீங்கள் வந்திருக்கிறீர்கள்." தேநீர் ஊற்றி என் பக்கம் தள்ளினான்.

"துட்டி வீட்டில் கை நனைப்பதில்லை" என்றேன். அது அவனுக்கு எப்படிப் புரியும்? என் பழி அவன் மேல் போய் விழவேயில்லை. குருடனுக்கு முன்னால் கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தேன். ஆத்திரம் தலைக்கேறியது. உறையை எடுத்து மேஜையில் போட்டேன்.

அவன் கடிதத்தை விளக்கருகே பிடித்து வாசித்தான். நோட்டீஸை விரித்தான். என்னைப் பார்த்தான், படத்தைப் பார்த்தான். முகம் மலர்ந்தது.

"அட, அது நீங்களா! ஐந்தும் உள்ளே போட்டவர்! உங்கள் தகப்பனார் எவ்வளவு அருமையாக எழுதியிருந்தார். அதனால்தான் நானே கைப்பட எழுதினேன். இதைப் பார்த்து அவர் சந்தோஷப்பட்டாரா?"

ஒன்பது வருஷமாக இங்கிலீஷில் நான் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் அத்தனையும் அந்த நிமிஷம் ஓடிப்போயின. வாயிலிருந்து தமிழ்தான் வந்தது.

"ஏலே, எங்க அப்பா செத்துப் போயிட்டாரு. ஒன் கடுதாசியைப் பந்தியில வாசிச்சாங்கலே. ஊரே சிரிச்சிது. தலை நிமிராமலே செத்துப் போயிட்டாரு. துட்டி கேக்க ஒரு நாய் வரலை லே எனக்கு, இந்த ஊர்ல."

கடைசியில் இங்கிலீஷில் ஒன்றே ஒன்று சொன்னேன். அவர் இறந்துவிட்டார்.

பிக்கரிங் கடிதத்தை மடித்தான். எழுந்தான். மேஜையைச் சுற்றி வந்து, நான் இருந்த பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தான். இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தான். வருந்துகிறேன் என்று சொல்லவில்லை. எதுவுமே சொல்லவில்லை. வெளியே யாரோ கொடிகளை இறக்கிச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். தேநீர் ஆறி ஆடை கட்டிற்று. அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தான்.

பிறகு எழுந்தான். தொப்பியை எடுத்தான். பால்காரன் குதிரைக்குக்கூட வந்தனம் சொல்லுகிற தேசம் இது. ஒரு வார்த்தை சொல்லாமல், திரும்பியும் பார்க்காமல், கதவைத் திறந்தபடி விட்டுவிட்டு, தன் அறையிலிருந்து தானே வெளியே போய்விட்டான்.

நான் வெள்ளை வேட்டியோடு, திறந்திருந்த கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். துட்டி வீட்டுக்காரன் மாதிரி. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அப்பாவுக்காக நான் அதற்கு முன் அழுதிருக்கவில்லை.

8

வாசலில் கிருபை நனைந்துகொண்டு நின்றாள்.

"துட்டி கேட்டியளாப்பா?"

"கேட்டாச்சு."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். டிராம் கிடைக்கவில்லை. வீடு வரை நடந்தோம். வேட்டிக் கரையெல்லாம் சேறு. நடுவழியில், "ரெண்டாம் வகுப்புன்னாலும் நாம போவோம்லா?" என்றாள். போவோம் என்றேன். அவளிடம் உண்மையை இன்னும் சொல்லவில்லை. இந்தப் பத்திரிகையை அவளால் வாசிக்க முடியாது என்ற தைரியத்தில்தான் இவ்வளவும் எழுதுகிறேன். அந்தத் தைரியமும் சந்தோஷப்பட வேண்டிய சங்கதி அல்ல.

பிக்கரிங்கை நீக்கிவிட்டார்கள். கடற்கரையில் அவன் தங்கை வீடு இருக்கிறதாம், அங்கே போய்விட்டான். விலாசம் விசாரித்து வைத்திருக்கிறேன்.

அவனை மன்னித்துவிட்டேனா என்று சபையார் கேட்பீர்கள். இல்லை. முன்னைவிட அதிகமாகக் கோபமாக இருக்கிறது. என் அப்பாவுக்குத் துட்டி கேட்க இந்தச் சீமையில் ஒருவன் வந்தான், அது அவனாகவா இருக்கவேண்டும்? யேசுவடியாளிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் வேட்டிச் சேற்றைக் கசக்கிக்கொண்டே கேட்டுவிட்டு, "அப்போ அவரு வீட்டுல ஒண்ணுன்னா நீங்க போயித்தான் ஆவணும்" என்றாள்.

ஆமாம். நம் வீட்டுத் துட்டிக்கு வந்தவன் வீட்டுத் துட்டிக்கு நாம் போயே ஆகவேண்டும், அதிலிருந்து தப்ப வழி கிடையாது. ஆகையால் நான் இப்போது வேண்டுவதெல்லாம் ஒன்றுதான். அவன் எனக்கு முன்னால் சாகவேண்டும். வேட்டி துவைத்து, காய்ந்து, மடித்துப் பெட்டியில் மேலாக இருக்கிறது.